மனச்சோர்வால் நின்றுபோன பள்ளிப் படிப்பை மீண்டும் தொடர்வது எப்படி: முழுமையான வழிகாட்டி

மனச்சோர்வால் பள்ளிப் படிப்பு பாதியில் நின்றவர்கள் கொஞ்சம் தேறியதும் முதலில் செய்வது, பெரும்பாலும், ஒரு டைம்டேபிள் போடுவதுதான். காலை 5 மணிக்கு எழுவது, நாளுக்கு 8 மணி நேரம் படிப்பது, விட்டுப்போன 6 மாதப் பாடத்தை ஒரே மாதத்தில் முடிப்பது. கலர் பேனாவில் எழுதிச் சுவரில் ஒட்டியும் ஆகிவிடும். மூன்றாம் நாள் எழுந்திருக்க முடியாது. நான்காம் நாள் அந்தச் சுவர்ப் பக்கம் திரும்பவே பிடிக்காது. ஒரு வாரத்தில், 'நமக்குப் படிப்பு சரிப்பட்டு வராது' என்று முடிவு கட்டியிருப்பார்கள். இந்த இரண்டாவது சறுக்கல் முதலாவதைவிட மோசமானது. முதல்முறை நோயைக் காரணம் சொல்லலாம்; இந்த முறை பழி முழுக்கத் தன் தலையிலேயே விழும்.

அந்த இரண்டாவது சறுக்கலைத் தவிர்ப்பதை மனதில் வைத்துத்தான் கீழே உள்ள படிகளை அடுக்கியிருக்கிறேன். விட்டதைப் பிடிப்பது இதில் பின்னால்தான் வரும். விட்டதில் பெரும்பகுதியைப் பிடிக்கவே வேண்டியதில்லை என்பதும் போகப்போகத் தெரியும். மாணவரிடம் நேராகப் பேசுவதுபோல் எழுதியிருக்கிறேன். பெற்றோருக்குத் தனியாக ஒரு பகுதி உண்டு.

படி 1: சிகிச்சை ஓடிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள்

இரண்டு வாரத்துக்கு மேல், ஏறக்குறைய எல்லா நாளும், மனம் கனத்தே இருப்பது அல்லது எதிலுமே ஆர்வம் இல்லாமல் போவது. அதோடு தூக்கம், பசி, கவனம், தெம்பு எல்லாம் தாறுமாறாவது. மருத்துவர்கள் பார்க்கும் அடையாளங்கள் இவை. பதின்வயதில் இது சோகமாகத்தான் வரவேண்டும் என்றில்லை. எரிச்சல், சட்டென்று வரும் கோபம், தலைவலி, வயிற்றுவலி என்ற முகத்தோடும் வரும். அதனால்தான் 'திமிர்', 'சோம்பல்' என்ற பெயரில் மாதக்கணக்கில் கவனிக்கப்படாமல் போகிறது.

இதுவரை மருத்துவரையே பார்க்கவில்லை என்றால், படிப்புத் திட்டம் எதையும் தொடாதீர்கள். முதல் வேலை அதுதான். பி.எச்.க்யூ-9 என்ற 9 கேள்விகள் கொண்ட படிவத்தை நிரப்பிக் கையில் எடுத்துப் போனால், எங்கே தொடங்கிப் பேசுவது என்ற தடுமாற்றம் குறையும். 27-க்கு 10-ம் அதற்கு மேலும் வந்தால் தீவிரமாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது பொதுவான கணக்கு. ஆனால் அது நோயை உறுதிசெய்யும் சோதனை ஆகாது. பேச்சைத் தொடங்க உதவும், அவ்வளவுதான். தைராய்டு கோளாறும் ரத்தசோகையும் இதே போன்ற சோர்வைத் தரும் என்பதால் ரத்தப் பரிசோதனை எழுதிக்கொடுத்தால் ஆச்சரியப்படாதீர்கள்.

சிகிச்சை பலன் தருமா? 2004-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில் 439 பதின்வயதினர் கலந்துகொண்டார்கள். 12 வாரம் கழித்துப் பார்த்தபோது, ஃப்ளூவாக்ஸெட்டின் மருந்தும் சி.பி.டி. என்ற பேச்சு சிகிச்சையும் சேர்த்துப் பெற்றவர்களில் 71% பேர் நல்ல முன்னேற்றம் கண்டிருந்தார்கள். மருந்து மட்டும் எடுத்தவர்களில் 61%, பேச்சு சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 43%, வெற்று மாத்திரை பெற்றவர்களில் 35%. மருந்து வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும். ஆகவே, மாத்திரை தொடங்கிய மாதத்திலேயே பெரிய தேர்வு ஒன்றைக் குறித்து வைக்காதீர்கள். இளம் வயதினருக்கு மருந்தின் தொடக்க வாரங்களில் தற்கொலை எண்ணம் கூடுகிறதா என்று நெருக்கமாகக் கவனிக்க வேண்டும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2004-லிருந்தே இதற்கென எச்சரிக்கை கொடுத்துவருகிறது.

இன்னொன்று. 'மாத்திரை போட்டால் தூக்கம் வருகிறது, தேர்வு முடியும்வரை நிறுத்தி வைக்கிறேன்' என்று பலர் தாங்களாகவே நிறுத்திவிடுகிறார்கள். வேண்டாம். நேரத்தையோ அளவையோ மாற்ற முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். தேறிய பிறகும் 6 முதல் 12 மாதம் தொடரச் சொல்வது வழக்கம்.

உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் இந்த வழிகாட்டியை மூடிவிட்டு உடனே ஒருவரிடம் பேசுங்கள். இந்தியாவில் 14416, இலங்கையில் 1926, அமெரிக்காவிலும் கனடாவிலும் 988, பிரிட்டனில் 116 123.

முழுதாகக் குணமான பிறகுதான் படிப்பைத் தொடங்க வேண்டும் என்றில்லை. வாரத்தில் பாதிக்கு மேல் ஏறக்குறைய ஒரே நேரத்தில் எழ முடிகிறது, யாரும் சொல்லாமல் குளித்துச் சாப்பிட முடிகிறது, ஏதோ ஒன்றில் 15 நிமிடம் உட்கார முடிகிறது என்றால், என் கணிப்பில், அது போதும்.

படி 2: ஒரே தாளில் கணக்கெடுப்பு

மாதக்கணக்கில் வகுப்புக் குழுவைத் திறக்காமல் இருந்திருப்பீர்கள். திறந்தால் 900 செய்திகள். மேலிருந்து படிக்கத் தொடங்கினால் பத்தாவது நிமிடம் நெஞ்சு படபடக்கும், போனைக் கவிழ்த்துவிட்டுப் படுத்துவிடுவீர்கள். அதைப் படிக்காதீர்கள். அப்படியே விட்டுவிட்டு, நம்பிக்கையான ஒரு வகுப்புத் தோழரிடம் மூன்றே கேள்வி கேளுங்கள்: இப்போது ஒவ்வொரு பாடத்திலும் எந்த அத்தியாயம் நடக்கிறது? அடுத்த தேர்வு எப்போது? கட்டாயம் ஒப்படைக்க வேண்டியது ஏதாவது இருக்கிறதா?

பிறகு ஒரு தாளை எடுத்து, பாடங்களை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே நீங்கள் கடைசியாகப் புரிந்து படித்த இடம் எது, வகுப்பு இப்போது எங்கே இருக்கிறது என்று குறியுங்கள். இவ்வளவுதான். உட்கார்ந்து யோசித்தால் வருத்தம்தான் வரும் என்பதால் அரை மணி நேரத்துக்குள் முடித்துவிடுங்கள்.

இப்போது அந்தத் தாளில் கழித்துக்கட்டும் வேலை. பாடங்களில் இரண்டு வகை உண்டு. கணிதம், இயற்பியல், வேதியியல், மொழி இலக்கணம் போன்றவை ஒன்றின் மேல் ஒன்றாக ஏறுபவை. நடுவில் ஒரு அத்தியாயம் போனால் அடுத்தது புரியாது. வரலாறு, இலக்கியம், உயிரியலின் பல பகுதிகள் அப்படியில்லை. நான்காவது அத்தியாயம் தெரியாமலே ஏழாவதைப் படிக்கலாம். இரண்டாம் வகையில் விட்டதை இப்போதைக்கு மறந்துவிட்டு, வகுப்பு இன்று நடத்தும் இடத்திலிருந்து சேர்ந்துகொள்ளுங்கள். முதல் வகையில் மட்டும் பின்னால் போக வேண்டும், அதுவும் இன்றைய அத்தியாயத்துக்குத் தேவையான அளவுக்கு மட்டும். முக்கோணவியலில் நிற்கிறீர்கள் என்றால் விகிதமும் சமன்பாடும் வேண்டும். போன பருவத்தில் நடந்த புள்ளியியல் வேண்டாம்.

மதிப்பெண் கணக்கில் சேராத பழைய வீட்டுப்பாடம், எழுதாமல் விட்ட மாதத் தேர்வுகள், காப்பி எடுக்காத நோட்டுகள் எல்லாவற்றையும் அடித்துவிடுங்கள். சிலருக்கு விட்டுப்போன நோட்டை முழுதாக எழுதி முடித்தால்தான் நிம்மதி. கை வலிக்கும், மனசு ஆறும், பாடம் ஏறாது.

படி 3: எந்த வழியாகத் திரும்புவது?

பழைய வகுப்புக்கே போவதுதான் திரும்புவது என்று நினைத்துக்கொண்டு பலர் தவிக்கிறார்கள். வழிகள் பல உண்டு. அதே பள்ளியில் பாடச்சுமையைக் குறைத்துக்கொண்டு தொடரலாம். அதே வகுப்பை இன்னொரு வருடம் படிக்கலாம். வேறு பள்ளிக்கு மாறலாம். திறந்தநிலைப் பள்ளி அல்லது பள்ளிப்படிப்புக்கு இணையான தேர்வு வழியாக வெளியிலிருந்தே முடிக்கலாம்.

தேர்ந்தெடுக்கும்போது கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: பழைய இடத்தில் எது உங்களைச் சாய்த்தது? கேலியும் மிரட்டலும் காரணம் என்றால், அதே வகுப்பறைக்குத் திரும்புவது வைராக்கியமாகத் தெரியலாம், ஆனால் நல்ல யோசனை கிடையாது. பாடச்சுமையும் போட்டியும்தான் காரணம், நண்பர்கள் ஆதரவாக இருந்தார்கள் என்றால், சுமையைக் குறைத்துக்கொண்டு அங்கேயே இருப்பது மேல். வீட்டில் தனியாக இருக்கும்போதுதான் நிலைமை மோசமானது என்றால், வீட்டிலிருந்தே படிக்கும் வழி வசதியாகத் தோன்றினாலும் ஆபத்து. திறந்தநிலைப் பள்ளியில் சேர்ந்துவிட்டு, யாரையும் பார்க்காமல் அறைக்குள்ளேயே ஒரு வருடத்தைக் கழிக்க முடியும். அந்த வழியை எடுத்தால் நூலகம், டியூஷன், படிப்புக் குழு என்று தினமும் வெளியே போக ஒரு காரணத்தைச் சேர்த்தே எடுங்கள்.

இந்த இணைவழிகள் ஒன்றும் புதிதில்லை. அமெரிக்காவின் ஜி.இ.டி. தேர்வு 1942-இல், போருக்குப் போய்ப் படிப்பை விட்ட ராணுவத்தினருக்காகத் தொடங்கியது. கணிதம், மொழி, அறிவியல், சமூக அறிவியல் என்ற 4 தேர்வுகளையும் தனித்தனியாக, ஒவ்வொன்றாக எழுதலாம். இந்தியாவில் 1989-இல் தொடங்கிய தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தில் சேர்ந்தால், பாடங்களைப் பிரித்துப் பிரித்து எழுதி முடிக்க 5 ஆண்டுகளில் 9 வாய்ப்புகள் வரை கிடைக்கும். பிரிட்டனில் 1969-இல் உருவான திறந்தநிலைப் பல்கலைக்கழகம், பெரும்பாலான இளநிலைப் படிப்புகளுக்குப் பள்ளிச் சான்றிதழே கேட்பதில்லை. மனச்சோர்விலிருந்து மீள்பவருக்கு இந்த 'ஒவ்வொன்றாக' என்ற ஏற்பாடு பெரிய வரம். ஒரே வாரத்தில் எல்லாப் பாடத்தையும் எழுத வேண்டிய கட்டாயம் இல்லை.

பணம் கட்டும் முன் ஒன்றை மட்டும் செய்யுங்கள். பின்னால் சேர விரும்பும் கல்லூரியிடமோ படிப்பிடமோ 'இந்தச் சான்றிதழை ஏற்பீர்களா?' என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அங்கீகாரம் இல்லாத வாரியங்களின் பெயரில் சான்றிதழ் விற்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

ஒரு வருடம் பின்தங்குவதைப் பற்றி: பதினேழு வயதில் அது மலையாகத் தெரியும். கல்லூரிக்குப் போன பிறகு உங்களுக்கு என்ன வயது என்று யாரும் கேட்கப்போவதில்லை.

படி 4: பள்ளியிடம் பேசுவது

முதலில் ஒரே ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். ஆலோசகர் இருந்தால் அவர், இல்லையென்றால் உங்களிடம் அன்பாக இருந்த ஓர் ஆசிரியர். எல்லா ஆசிரியரிடமும் கதையை முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தால் களைத்துவிடுவீர்கள். அவர் மற்றவர்களிடம் பேசட்டும்.

நேரில் போகத் தயக்கம் என்றால் எழுதி அனுப்புங்கள். இப்படி:

"வணக்கம் மேடம். உடல்நலக் காரணத்தால் கடந்த சில மாதங்களாக என்னால் வகுப்புக்கு வர முடியவில்லை. இப்போது சிகிச்சையில் இருக்கிறேன், திரும்ப வர விரும்புகிறேன். முதல் மாதம் அரை நாள் மட்டும் வர அனுமதி கிடைக்குமா? உங்கள் பாடத்தில் எந்த மூன்று அத்தியாயங்களை நான் முதலில் படிக்க வேண்டும் என்று சொன்னால் அதிலிருந்து தொடங்குகிறேன். மருத்துவரின் கடிதத்தை இணைத்திருக்கிறேன்."

இதில் மன்னிப்புக் கேட்கும் பத்தி இல்லை. 'இனி ஒரு நாள்கூட லீவு போட மாட்டேன்' என்ற சத்தியமும் இல்லை. ஒரு வேண்டுகோள், ஒரு கேள்வி. ஆசிரியர் இரண்டு நிமிடத்தில் பதில் எழுதிவிட முடியும், அதனால் பதில் வரும்.

மருத்துவர் கடிதத்தில் நோயின் விவரம் முழுக்க இருக்க வேண்டியதில்லை. அதனால் என்ன முடியவில்லை என்பதுதான் பள்ளிக்கு உதவும்: 'நீண்ட நேரம் கவனம் நிற்பதில்லை', 'மருந்தால் காலையில் மந்தம் இருக்கும்', 'தேர்வறையில் பதற்றம் அதிகமாகலாம்'. அதற்கேற்ற சலுகைகளைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். தாமதமாக வர அனுமதி, தேர்வில் கூடுதல் நேரம், தனி அறை, நடுவே எழுந்துபோய் வர அனுமதி, ஒப்படைப்புக்குத் தவணை, பாட எண்ணிக்கையில் குறைப்பு. இது யாசகம் இல்லை. இந்தியாவில் 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் மனநோயையும் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. அமெரிக்காவில் 1973-ஆம் ஆண்டு மறுவாழ்வுச் சட்டத்தின் 504-ஆம் பிரிவும், பிரிட்டனில் 2010-ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டமும் இதற்கு இடம் தருகின்றன. யாருக்குப் பொருந்தும் என்பது பாதிப்பின் தீவிரத்தையும் மருத்துவச் சான்றையும் பொறுத்தது.

வகுப்பில் 'எங்கே போயிருந்தாய்?' என்று கேட்பார்கள். பதிலை வீட்டிலேயே ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்: "உடம்பு சரியில்லாம இருந்துச்சு, இப்ப பரவாயில்ல. ஆமா, இன்னைக்கு முதல் பீரியட் என்ன?" கேள்வியோடு முடித்தால் பேச்சு திரும்பிவிடும். அதற்கு மேல் யாரிடம் சொல்வது என்பது உங்கள் விருப்பம்.

படி 5: முதல் நான்கு வாரம்

முதல் வாரத்தில் படிப்பைவிட முக்கியம் எழும் நேரம். எப்போது தூங்குவது என்பது நம் கையில் இல்லை, எப்போது எழுவது என்பது ஓரளவுக்கு நம் கையில் இருக்கிறது. பதின்வயதில் உடலின் கடிகாரமே கொஞ்சம் தள்ளித்தான் ஓடும். மனச்சோர்வு அதை இன்னும் தள்ளிவிடும். இந்த வயதில் 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை. மதியம் 1 மணிக்கு எழுபவர் நாளைக்கே 6 மணிக்கு எழ முயல வேண்டாம். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை அரை மணி நேரம் முன்னால் கொண்டுவாருங்கள். எழுந்ததும் வெளிச்சத்துக்குப் போங்கள். சனி, ஞாயிறிலும் அதே நேரம்.

படிப்பு: முதல் வாரம் நாளுக்கு 15 நிமிடம், இருமுறை. ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் கூட்டி, நான்காம் வாரம் 25 நிமிடமாக நாளுக்கு நான்கு முறை வந்தால் நல்ல வளர்ச்சி. கட்டிலில் உட்கார்ந்து படிக்காதீர்கள். மிகவும் பிடித்த அல்லது மிகவும் எளிதான பாடத்திலிருந்து ஆரம்பியுங்கள். கடினமானதை முதலில் முடி என்ற அறிவுரை நன்றாக இருப்பவர்களுக்கு உரியது.

'மூடு வந்ததும் படிக்கலாம்' என்று காத்திருக்காதீர்கள். மனச்சோர்வில் இந்த வரிசை தலைகீழ்: செய்யத் தொடங்கிய பிறகுதான் ஆர்வம் மெல்ல வரும், அதுவும் எல்லா நாளும் வராது. 1970-களில் பீட்டர் லெவின்ஸோன் என்ற அமெரிக்க உளவியலாளர் முன்வைத்த கருத்திலிருந்து வளர்ந்த 'செயலூக்கச் சிகிச்சை' முழுக்க இதன் மேல்தான் நிற்கிறது.

நல்ல நாள் வரும்போதுதான் கவனம் தேவை. திடீரென்று ஒருநாள் தலை தெளிவாக இருக்கும், 5 மணி நேரம் படித்துவிடலாம் போலத் தோன்றும். படித்தால் அடுத்த இரண்டு நாள் எழ முடியாமல் போகும். அன்றைக்குக் குறித்த அளவோடு நிறுத்துங்கள், மிஞ்சிப்போனால் ஒரு சுற்று கூடுதல். மிச்சத் தெம்பில் ஒரு நண்பரைப் பாருங்கள்.

படி 6: மந்தமான தலையோடு படிப்பது

மனநிலை தேறிய பிறகும் கவனமும் ஞாபகமும் சில மாதங்கள் பின்தங்கியே இருக்கலாம். ஒரே பத்தியை நான்கு முறை படித்தும் ஏறாது. 'முன்னே எவ்வளவு நன்றாகப் படித்தேன், மூளை போய்விட்டது' என்ற பயம் வரும். இது நோயின் அறியப்பட்ட மிச்சம்தான், பலருக்கு நாளடைவில் விலகும். விலகாவிட்டால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

அதுவரை, திரும்பத் திரும்பப் படிப்பதை விடுங்கள். அரைப் பக்கம் படித்து, புத்தகத்தை மூடி, நினைவில் இருப்பதை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். இரண்டு வரிதான் வரும். திறந்து, விட்டதைப் பாருங்கள், மறுபடி மூடுங்கள். ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு உளவியலாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், மறுபடி படித்தவர்கள் 5 நிமிடம் கழித்து நடந்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து நடந்ததிலோ, நினைவுகூர்ந்து பார்த்தவர்களே முந்தினார்கள். கணிதத்தில் தடுக்கினால் வெட்கப்படாமல் இரண்டு வகுப்புக்குக் கீழே உள்ள புத்தகத்தை எடுங்கள். கணக்கு சரியாக வரும் அனுபவம் கைக்குத் திரும்ப வேண்டும்.

படி 7: மோசமான நாளுக்கும் திட்டம்

மோசமான நாட்கள் வரும். அதனால் ஒவ்வொரு நாளுக்கும் மூன்று அளவு வைத்துக்கொள்ளுங்கள்: முழு அளவு, பாதி, குறைந்தபட்சம். குறைந்தபட்சம் என்பது காய்ச்சலிலும் செய்யக்கூடியதாக இருக்க வேண்டும். மேஜையில் உட்கார்ந்து 5 நிமிடம் பழைய குறிப்பைப் பார்ப்பது போல. இதில் ஒரு விதி மட்டும் கறார்: விட்ட நாளின் பாடத்தை அடுத்த நாளோடு சேர்க்கக் கூடாது. சேர்த்தால் மூன்றே நாளில் பழைய மலை திரும்பவும் எழும்பிவிடும்.

நோய் திரும்புவதன் அடையாளங்கள் ஒவ்வொருவருக்கும் வேறு. சிலருக்கு முதலில் தூக்கம் தலைகீழாகும், சிலர் போனை எடுப்பதை நிறுத்துவார்கள், சிலருக்குக் குளிப்பது தள்ளிப்போகும். சென்ற முறை எப்படித் தொடங்கியது என்று யோசித்து மூன்று அடையாளத்தை எழுதி, நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்துவையுங்கள். அவர் கவனித்துச் சொன்னால் வாதாடாமல் மருத்துவரைப் பார்ப்பது என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். நமக்கே தெரியும் முன் அடுத்தவருக்குத் தெரிந்துவிடும்.

பெற்றோருக்கு

"படிச்சியா?" என்ற கேள்வியை முதல் மாதம் முழுக்க நிறுத்திவையுங்கள். படித்திருந்தால் அது விசாரணை, படிக்காவிட்டால் குற்றப்பத்திரிகை. காலையில் எழுப்பி ஜன்னலைத் திறப்பது, மருந்து தீரும் முன் வாங்கிவைப்பது, பள்ளியில் அலைய வேண்டிய வேலைகளைப் பார்ப்பது: இவைதான் உண்மையான உதவி. பிள்ளை ஒரு நாள் சிரித்துப் பேசியதும் 'சரியாகிவிட்டது' என்று நாலு டியூஷனில் சேர்க்காதீர்கள். உறவினர்களுக்கு என்ன சொல்வது என்பதையும் பிள்ளையிடம் கேட்டுவிட்டே சொல்லுங்கள்.

படி 8: கல்லூரிக்குப் போகும்போது

விண்ணப்பத்திலோ நேர்காணலிலோ இடைவெளியைப் பற்றிக் கேட்டால் மூன்று வாக்கியம் போதும்: உடல்நலக் காரணத்தால் இடைவெளி ஏற்பட்டது, சிகிச்சை பெற்றேன், அதற்குப் பிறகு இந்தப் பாடங்களை முடித்தேன். மூன்றாவது வாக்கியத்தில்தான் எடை. நோயின் பெயரைச் சொல்வதும் சொல்லாததும் உங்கள் முடிவு.

இடம் கிடைத்ததும், வகுப்பு தொடங்கும் முன்பே, கல்லூரியின் ஆலோசனை மையத்திலும் சலுகைகளுக்கான அலுவலகத்திலும் பதிந்துவையுங்கள். நன்றாக இருக்கும்போது பதிவது அரை மணி நேர வேலை. விழுந்த பிறகு என்றால் அந்தப் படிவமே மலைப்பாக இருக்கும். வேறு ஊருக்குப் போகிறீர்கள் என்றால் பழைய மருத்துவரிடம் சிகிச்சைச் சுருக்கத்தை எழுதி வாங்குங்கள், குறைந்தது ஒரு மாதத்துக்கான மருந்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், புது ஊர் மருத்துவரிடம் முதல் சந்திப்புக்குப் பயணத்துக்கு முன்பே நேரம் வாங்கிவிடுங்கள்.